திருடன் வராத இரவில் அடிக்கும் அலாரம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வீட்டு அலாரத்துக்குத் திருடனை அடையாளம் தெரியாது. கதவிலிருந்த காந்தம் விலகிவிட்டது, அறைக்குள் வெப்பம் ஒன்று இடம் மாறுகிறது என்பன போன்ற செய்திகள்தான் அதற்கு எட்டும். அந்த மாற்றத்தை உண்டாக்கியது யார், எதற்காக என்று அது கேட்பதில்லை. பொய் அலாரம் குறித்த தவறான எண்ணங்களில் பல, இதை மறப்பதால் வருபவை.

காரணமில்லாமல் சைரன் அடித்தால் கருவி பழுது என்றே பலர் முடிவு செய்கிறார்கள். அமெரிக்க நீதித்துறை காவலர்களுக்காக வெளியிட்ட வழிகாட்டி ஒன்று, காவல்துறைக்கு வரும் திருட்டு அலார அழைப்புகளில் 94 முதல் 98 விழுக்காடு வரை பொய்யானவை என்கிறது. அவற்றில் பெரும்பகுதிக்கு வீட்டாரின் கைத்தவறே காரணம். ரகசிய எண்ணைத் தப்பாக அழுத்துவது, கொல்லைக் கதவைத் தாழிடாமல் அலாரத்தை இயக்கிவிட்டுக் கிளம்புவது, வீட்டுவேலைக்கு வருபவரிடம் சாவியை மட்டும் கொடுத்துவிட்டு எண்ணைச் சொல்லாமல் விடுவது ஆகியவை அடிக்கடி நடப்பவை. வாசல் தெளிக்க விடியற்காலையில் கதவைத் திறக்கும் பாட்டிக்கு, இரவு முழுவதும் அலாரம் விழித்திருந்தது தெரியாமல் போகிறது. வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது அலாரத்தைத் தாமே இயக்கி, தாமே நிறுத்திப் பழகினால் இந்த வகை ஒலி பெரும்பாலும் நின்றுவிடும். உள்ளே வந்து எண்ணை அழுத்தக் கிடைக்கும் நேரத்தை 30 வினாடிக்குக் குறையாமல் வைப்பதும் உதவும். முதியவர் இருக்கும் வீட்டில் இன்னும் கூட்டி வைக்கலாம்.

சுவர் மூலையில் பொருத்தப்படும் பி.ஐ.ஆர். சென்சார் அசைவைக் கண்டுபிடிக்கும் என்பது பாதி உண்மைதான். அது எந்தக் கதிரையும் வெளியே அனுப்புவதில்லை. பொருள்களிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை, குறிப்பாக 5 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளத்தை மட்டும் வாங்கிக்கொள்கிறது. மனிதத் தோல் மிக அதிகமாக வெளியிடும் கதிரின் அலைநீளம் சுமார் 9.4 மைக்ரோமீட்டர் என்பதால் இந்த ஏற்பாடு. உள்ளே இரண்டு வெப்ப உணர் துண்டுகள் ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்பட்டிருக்கும். அறை முழுவதும் மெல்லச் சூடேறினால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஓர் உடல் குறுக்கே நடந்தால் முதலில் ஒன்றிலும் பிறகு மற்றதிலும் சூடு விழுகிறது, அலாரம் அடிக்கிறது. சுற்றுப்புறச் சூட்டிலேயே சுழலும் மின்விசிறி அதன் கண்ணில் படாததும், ஜன்னல் வெயிலில் காய்ந்து காற்றில் ஆடும் திரைச்சீலை படுவதும் இதனால்தான். ஏ.சி.யின் குளிர்காற்று நேராக விழும் இடத்திலும், மாலை வெயில் விழும் தரைக்கு எதிரிலும் இந்தச் சென்சாரை வைக்கக் கூடாது.

தெருவில் போகிறவர்களால் அலாரம் அடிக்கிறது என்ற புகாருக்கும் இதிலேயே விடை இருக்கிறது. சாதாரணக் கண்ணாடி இந்த அகச்சிவப்புக் கதிரை ஊடுருவ விடாது. கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தால் வெளியே நடப்பவரைச் சென்சார் காண முடியாது. நம் வீடுகளிலோ காற்றுக்காக ஜன்னலைத் திறந்து வைத்து, கம்பிகளை நம்பித் தூங்கும் வழக்கம் உண்டு. அப்போது மதில்மேல் நடக்கும் பூனையும் அதன் பார்வைக்குள் வந்துவிடும். சென்சாரின் முகத்தை ஜன்னலிலிருந்து திருப்பி வைப்பதே இதற்குச் சரியான வழி.

இரவில் அடிக்கும் அலாரத்துக்குப் பல்லியும் சிலந்தியும் காரணமாக இருக்குமா என்று சந்தேகப்படுபவர்கள் உண்டு. தாராளமாக இருக்கலாம். தொலைவில் சிறியதாகத் தெரியும் பூச்சி, சென்சாரின் முகத்தின்மேலேயே ஊர்ந்தால் பெரிய மாற்றமாகப் பதிவாகிறது. கம்பி நுழையும் துளை வழியாக எறும்புகள் உள்ளேயே குடியேறுவதும் உண்டு. அந்தத் துளையைச் சிலிக்கான் பசையால் அடைத்து, ஒட்டடை அடிக்கும்போது சென்சார் முகத்தையும் மெல்லிய துணியால் துடைத்துவிட்டால் போதும்.

வளர்ப்புப் பிராணிகளைப் பொருட்படுத்தாது என்று விற்கப்படும் சென்சார் அட்டைப்பெட்டியில் ஓர் எடை அளவு அச்சிட்டிருக்கும். தரையில் நடக்கும் பிராணியை மனதில் வைத்து, சொன்ன உயரத்தில் பொருத்தினால்தான் அந்த அளவு செல்லும். சோபாவிலிருந்து அலமாரிக்குத் தாவும் பூனைக்கு அது பொருந்தாது.

எல்லாவற்றையும்விட ஆபத்தான நம்பிக்கை ஒன்று உண்டு. அடிக்கடி அடிக்கிறதா, உணர்திறனைக் குறைத்துவிட்டால் தீர்ந்தது என்பதே அது. சித்திரை, வைகாசி மாதங்களில் அறையின் சூடு தோலின் சூட்டை நெருங்கும்போது, உடலுக்கும் சுவருக்கும் இடையே வெப்ப வேறுபாடு மிகக் குறைந்துவிடும். பி.ஐ.ஆர். சென்சாரின் எட்டும் தூரம் அப்போது தானாகவே சுருங்குகிறது. அந்த நிலையில் உணர்திறனையும் குறைத்து வைத்தால், உண்மையான திருடன் கண்முன்னே நடந்து போனாலும் கருவி பேசாமல் இருக்கும். கோடையில் பூட்டிய வீட்டுக்கு அகச்சிவப்போடு நுண்ணலையையும் பயன்படுத்தும் இரட்டைச் சென்சார்தான் ஏற்றது என்று சொல்லப்படுவதுண்டு. இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் அது அடிக்கும் என்பதால் பொய் ஒலி குறையும். ஆனால் அகச்சிவப்புப் பகுதி சூட்டில் மங்கினால் அதுவும் மங்கும். ஆகவே நட்ட வெயிலில் ஒரு நாள் சோதனை நிலையில் வைத்து, அறைக்குள் குறுக்கே நடந்து பார்ப்பதைத் தவிர வேறு உறுதி இல்லை.

கதவுச் சென்சார் இதைவிட எளிய கருவி. கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு சிறு சுவிட்ச். மழைக்காலத்தில் மரக்கதவு உப்பி இடைவெளி மாறினால் காற்றடித்தாலும் அலாரம் அடிக்கும். தச்சரை அழைத்துக் கதவைச் சரிசெய்து, காந்தத்தை நெருக்கிப் பொருத்தினால் தீரும்.

சாம்பிராணிப் புகையால் திருட்டு அலாரம் அடிக்காது. அடிப்பது அதே கட்டுப்பாட்டுப் பலகையோடு இணைத்த புகைச் சென்சார். அதை அடுப்பிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி, பூஜை அறை வாசலுக்கு நேராக வராதபடி வைக்க வேண்டும்.

சைரன் அடித்தால் போலீஸ் வரும் என்பதும் அப்படியே நம்பத்தக்கதல்ல. இங்கே பெரும்பாலான வீட்டு அலாரங்கள் உரிமையாளரின் கைப்பேசிக்குத்தான் செய்தி அனுப்புகின்றன. அலாரங்கள் காவல்துறையோடு இணைந்த நாடுகளிலும் காவலர்களின் பொறுமைக்கு எல்லை உண்டு. பிரிட்டனில் 12 மாதத்துக்குள் மூன்று பொய் அழைப்பு வந்த வீடு, காவலரின் உடனடி வருகையை இழக்கலாம். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி 2000 டிசம்பரில், யாராவது நேரில் பார்த்து உறுதி செய்தால்தான் காவலரை அனுப்புவது என்று விதி வகுத்தது. ஆகவே அலாரம் கேட்டால் எட்டிப் பார்க்கச் சம்மதிக்கும் அண்டை வீட்டார் ஒருவரின் எண், ஊருக்குப் போகும் எந்தக் குடும்பத்துக்கும் அவசியம். தொடர்ந்து பொய்யாக அடிக்கும் சைரன் முதலில் அந்த அண்டை வீட்டாரின் அக்கறையைத்தான் தேய்க்கிறது.

கடைசியாக, பேட்டரி. மின்சாரம் போய் வரும்போது அடிக்கும் அலாரத்தைப் பேய் பிடித்த கருவி என்று அணைத்துப் போட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் உள்ளே இருக்கும் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி ஓய்ந்துபோயிருக்கும். சூடான இடத்தில் அதன் ஆயுள் இன்னும் குறையும். மாற்றிய தேதியை மூடியின் உட்புறம் எழுதி வைத்து, மூன்றாம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு கோடைக்கும் முன் சோதித்துப் பார்க்க வேண்டும்.