பி.பி.டி. சிகிச்சை மையம்: சேரும் முன் எதைக் கேட்பது, எதை நம்பாமலிருப்பது?

'பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர்' (பி.பி.டி.) என்று டாக்டர் சொன்ன அன்றே வீட்டில் ஆளுக்கொரு போனில் தேட ஆரம்பித்துவிடுவார்கள். சென்னை, பெங்களூரு என்று பட்டியல் நீளும். எல்லா இடத்திலும் 'ஸ்பெஷல் டிரீட்மென்ட்', எல்லா இடத்திலும் 'டி.பி.டி.' எனும் டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி. உணர்ச்சி நொடியில் கொதித்தெழுவது, நெருங்கியவர் விட்டுப் போய்விடுவாரோ என்ற தீராத பயம், இன்று தலையில் தூக்கிவைத்தவரை நாளை வெறுப்பது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது எல்லாம் சேர்ந்து வரும் இந்தக் கோளாறுக்கு முதன்மையான வைத்தியம் பேச்சுவழிச் சிகிச்சைதான். மூடிய அறைக்குள் நடப்பது என்பதால் அது தரமானதா என்று வெளியே இருப்பவருக்குத் தெரியாது. போர்டு மாட்டுவது யாருக்கும் சுலபம். அதனால் எடைபோடும் வேலை நோயாளிக்கும் வீட்டாருக்கும் வந்து சேர்கிறது.

செய்ய வேண்டியவை

● "ஒரு வாரம் எப்படிப் போகும்?" என்று கேளுங்கள். "டி.பி.டி. இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு சார், எல்லாமே இருக்கு" என்றுதான் பதில் வரும். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கி, 1991-ல் முதல் ஆய்வு முடிவை வெளியிட்ட இந்த முறைக்கு நான்கு அங்கங்கள் உண்டு. வாரம் ஒரு தனி அமர்வு. வாரம் ஒரு முறை குழுவாகத் திறன் வகுப்பு, சுமார் இரண்டு மணி நேரம். இடையில் தத்தளிக்கும்போது தெரபிஸ்ட்டைப் போனில் கூப்பிட ஒரு வழி. தெரபிஸ்ட்டுகள் தங்களுக்குள் கூடிப் பேசும் வாராந்தரக் கூட்டம். முழுச் சுற்று வழக்கமாக ஒரு வருடம். தனி அமர்வில் மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுப்பவர் நல்ல மனிதராக இருக்கலாம். ஆனால் அது டி.பி.டி. ஆகாது; அந்தப் பெயரில் கட்டணம் வாங்குவதும் நியாயமாகாது.

● நான்காவது அங்கத்தைத் தனியாக விசாரியுங்கள். "கஷ்டமான கேஸ் வந்தா நீங்க யார்கிட்ட கலந்து பேசுவீங்க?" இந்த வேலையில் தெரபிஸ்ட் சோர்ந்துபோவார், பயப்படுவார், சில நாள் எரிச்சலும் வரும். அதைப் பேசித் திருத்திக்கொள்ளக் கூட்டாளிகள் இல்லாதவர், இரண்டு மூன்று நெருக்கடி தாண்டியதும் "வேற டாக்டரைப் பாருங்க" என்று அனுப்பிவிடுவார். கைவிடப்படுவதையே நினைத்து நடுங்குபவருக்கு அது எவ்வளவு பெரிய அடி!

● காலியான டைரி கார்டு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். ஒரே ஒரு தாள்தான், நாளுக்கொன்றாக ஏழு வரிசை. துக்கம், கோபம், வெட்கம், தன்னைக் காயப்படுத்தும் உந்துதல் ஒவ்வொன்றுக்கும் தினமும் 0 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். கற்ற திறனில் எதைப் பயன்படுத்தினார் என்பதையும் குறிக்க வேண்டும். அடுத்த அமர்வு அந்தத் தாளைப் பார்த்துத்தான் தொடங்கும். உயிருக்கு ஆபத்தான எதுவும் அதில் இருந்தால் மற்ற பேச்செல்லாம் பிறகுதான். டி.பி.டி. என்று சொல்லிக்கொள்ளும் இடத்தில் இந்தத் தாளே இல்லையென்றால் சந்தேகப்படலாம். மென்டலைசேஷன், ஸ்கீமா போன்ற வேறு முறைகளும் ஆய்வில் தேறியவைதான். அவற்றில் இந்தக் கார்டு இருக்காது. அங்கே "முன்னேற்றத்தை எதை வச்சு அளக்கிறீங்க?" என்று கேட்டால் போதும்.

● நெருக்கடி நாளைப் பற்றிக் கேளுங்கள். "ராத்திரி ரெண்டு மணிக்கு என் பொண்ணு கதவைப் பூட்டிக்கிட்டா நாங்க என்ன செய்யணும்?" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். "எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்பதோடு முடித்துக்கொண்டால் அது பதிலே இல்லை. நல்ல மையத்தில் எழுதி வைத்த திட்டம் இருக்கும். முதலில் அவரே செய்துகொள்ள வேண்டியது என்ன, அடுத்து வீட்டார் செய்ய வேண்டியது என்ன, யாரை எந்த நேரம் வரை போனில் பிடிக்கலாம், எந்தக் கட்டத்தில் ஆஸ்பத்திரி என்றெல்லாம் நோயாளியோடு உட்கார்ந்து எழுதியிருப்பார்கள். ஒரு நகல் அவர் கையிலேயே இருக்கும். அமர்வுக்கு வராமல் நின்றுவிட்டால் என்ன என்றும் கேளுங்கள். டி.பி.டி.யில் தொடர்ந்து நான்கு வாரம் தவறினால் அந்தச் சுற்றிலிருந்து விலக்கிவிடுவார்கள். அதற்கு முன் தேடிக் கூப்பிடுவார்களா, பிறகு திரும்பச் சேர வழி உண்டா என்பது முக்கியம். பாதியில் நின்றுவிடுவது இந்தக் கோளாறோடு கூடவே வரும் விஷயம். அதற்குத் தயாராக இல்லாத மையம் எவ்வளவு பெரிய கட்டடத்தில் நடந்தாலும் வேண்டாம் என்பதே என் கட்சி.

● ஊழியர்கள் நோயாளிகளைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்று காது கொடுங்கள். "டிராமா பண்றா", "அட்டென்ஷனுக்காகத்தான்" என்ற பேச்சு வரவேற்பறையிலேயே கேட்டால் எழுந்துவிடலாம். ஆளுமைக் கோளாறைக் காரணம் காட்டி யாரையும் சிகிச்சையிலிருந்து தள்ளிவைக்கக்கூடாது என்று இங்கிலாந்து சுகாதாரத் துறை 2003-ல் தனி ஆவணமே போட வேண்டியிருந்தது. அங்கேயே அந்த நிலை என்றால் இங்கே சொல்லவா வேண்டும்?

● பதிவு எண் கேளுங்கள். மனநல மருத்துவருக்கு மருத்துவ கவுன்சில், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் (ஆர்.சி.ஐ.), படுக்கை வசதியுள்ள மனநல மையத்துக்கு 2017-ன் மனநலச் சட்டப்படி பதிவு. கேட்டதற்கே முகம் சுளித்தால் வேறு இடம் பார்க்கலாம்.

செய்யக்கூடாதவை

● '21 நாளில் குணம்' என்ற பேக்கேஜை நம்பாதீர்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிடாதீர்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த பேச்சுச் சிகிச்சையை இந்தக் கோளாறுக்கென்று தரக்கூடாது என்று இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2009-லேயே சொல்லிவிட்டது. உயிருக்கு ஆபத்தான சில நாட்களுக்கு அட்மிஷன் தேவைப்படலாம். ஆனால் கற்ற திறன்களைப் பழக வேண்டியது வீட்டிலும் வேலையிடத்திலும் நடக்கும் அன்றாடச் சண்டைகளில்தான்.

● மருந்துச் சீட்டு நீளமாக இருந்தால் நல்ல வைத்தியம் என்று நினைக்காதீர்கள். இந்தக் கோளாறுக்கென்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அங்கீகரித்த மருந்து ஒன்றுகூட இல்லை. பெரிதும் நம்பப்பட்ட லாமோட்ரிஜினை 276 பேரிடம் ஒரு வருடம் சோதித்து 2018-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட அது மேலாக இல்லை. கூடவே வரும் மனச்சோர்வு போன்றவற்றுக்கு மருந்து வேண்டியிருக்கும். ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு, எப்போது நிறுத்துவது என்று டாக்டர் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.

● ஊரில் சிறப்பு மையம் இல்லையே என்று கைவிடாதீர்கள். டொரன்டோவில் 180 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு டி.பி.டி.யும் மறு பிரிவுக்கு இந்தக் கோளாறைப் புரிந்த மனநல மருத்துவர்களின் ஒழுங்கான வாராந்தரச் சிகிச்சையும் ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2009-ல் வந்தது. இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தன. திருநெல்வேலியிலோ தருமபுரியிலோ வாராவாரம் தவறாமல் பார்க்கும், நோயின் பெயரை மறைக்காமல் விளக்கும், நெருக்கடிக்குத் திட்டம் வைத்திருக்கும் ஒரு டாக்டர் கிடைத்தால், மாதம் ஒருமுறை சென்னைக்கு ரயிலேறுவதைவிட அது மேல்.

● சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் இடம் முடிவு செய்யாதீர்கள். ஏமாற்றி அழைத்துப் போய் விட்டுவிட்டு வருவது எந்த வயதினருக்கும் கூடாது. இந்தக் கோளாறில் அந்தக் காயம் லேசில் ஆறாது.

● "கல்யாணம் பண்ணி வைங்க, சரியாயிடும்" என்று எந்த ஆலோசகர் சொன்னாலும் அந்தப் படி மறுபடி ஏறாதீர்கள்.

● இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் தரும் என்று கணக்குப் போடாதீர்கள். மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் பல பாலிசிகள் அட்மிஷன் செலவை மட்டுமே ஏற்கும், வாராந்தர அமர்வுக் கட்டணம் கையிலிருந்துதான் போகும்.

● 'இது குணமாகாது' என்பதை நம்பாதீர்கள். பாஸ்டன் அருகே மெக்லீன் மருத்துவமனையில் 290 நோயாளிகளைப் பத்து வருடம் பின்தொடர்ந்த மேரி ஸனரீனி குழு, 93 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் அடங்கி இரண்டு வருடமாவது அப்படியே நீடித்தது என்று 2010-ல் எழுதியது. அதோடு நல்ல உறவும் வேலை அல்லது படிப்பும் கூடிவந்தவர்கள் பாதிப்பேர்தான். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை மையத்திடம் "காயப்படுத்திக்கொள்வது குறைந்ததா?" என்று கேட்கும்போதே "காலேஜுக்குத் திரும்ப என்ன செய்கிறீர்கள், வேலைக்கு என்ன செய்கிறீர்கள்?" என்றும் கேளுங்கள்.

மையம் தேடி முடிக்கும்வரை காத்திருக்க முடியாத இரவுகளும் வரும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. இரண்டையும் இப்போதே வீட்டில் எல்லோர் போனிலும் பதிந்து வையுங்கள்.