சாஆவில் பரத வகுப்பு தொடங்கப் போகும் தங்கச்சிகளுக்கு

அரங்கேற்றம் முடிந்த கையோடு, "அக்கா, நானும் கிளாஸ் எடுக்கட்டுமா?" என்று வந்து நிற்கிறீர்கள். தாராளமாக எடுங்கள். அதற்கு முன் சில விஷயங்கள்.

1. இந்த ஊரில் ஏற்கெனவே சொல்லிக்கொடுக்கும் டீச்சரை முதலில் வீட்டில் போய்ப் பாருங்கள். பேனர் கட்டிய பிறகு அல்ல, அதற்கு முன். அவர் வகுப்பு வைக்கும் கிழமையில் நீங்கள் வைக்க வேண்டாம். அவருடைய மாணவி உங்களிடம் வந்தால், "டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்தாயா?" என்று கேளுங்கள். சாஆ சின்ன ஊர். திருவிழா மேடையில் அவர் பிள்ளைகளும் உங்கள் பிள்ளைகளும் அடுத்தடுத்து ஆடத்தான் போகிறார்கள்.

2. பந்தநல்லூர், வழுவூர், ருக்மிணி தேவி 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்ரா என்று ஒவ்வொரு வழியிலும் கை ஒவ்வொரு விதமாக நிற்கும். வேறு டீச்சரிடம் படித்த பிள்ளையிடம் "இது தப்பு" என்னாதீர்கள். "நம்ம வகுப்பில் இப்படிச் செய்வோம்" என்றால் போதும்.

3. நட்டுவாங்கம் படியுங்கள். ஸ்பீக்கரில் பாட்டை ஓடவிட்டு எதிரே நின்று ஆடிக்காட்டுவதை நான் வகுப்பு என்று சொல்லமாட்டேன். தட்டுக்கழியை எடுத்து, வாயால் சொல்கட்டு சொல்லி, தட்டடவை மூன்று காலத்திலும் பிடித்து நிறுத்தத் தெரியாதவர் எத்தனை வர்ணம் ஆடியிருந்தாலும் இன்னும் மாணவிதான். ஆகவே, தொடர்ந்து படிக்க இடம் தேடுங்கள். சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் தொடங்கிவைத்த டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸுக்கு ஜொகூர் பாருவிலேயே கிளை உண்டு. கோலாலம்பூரில் ரம்லி இப்ராஹிமின் சூத்ரா 1983 முதல் நடக்கிறது. அவர் அடையாறு கே. லக்ஷ்மணிடம் பரதம் படித்த மலாய்க்காரர். பரதம் நம் வீட்டுச் சொத்து என்று முறுக்கிக்கொள்கிறவர்கள் அவர் குழுவின் நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்துவிட்டு வரட்டும்.

4. தரையைப் பாருங்கள். பொது மண்டபத்தில் பெரும்பாலும் சிமெண்டோ டைலோதான் கிடைக்கும். அதில் மணிக்கணக்கில் தட்டினால் குதிகாலும் முழங்காலும் தாங்காது. தட்டும் நேரத்தைக் குறைத்து, இடையிடையே முத்திரை, கண், கழுத்துப் பயிற்சி கொடுங்கள். அரைமண்டியில் முழங்கால் பாதவிரல் நோக்கும் திசையிலேயே திறக்க வேண்டும். இடுப்பு திறக்காத பிள்ளையின் பாதத்தை மட்டும் திருப்பி நிறுத்தினால் முறுக்கெல்லாம் முழங்காலில் விழும்.

5. எஸ்.பி.எம். ஆண்டில் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். கோபப்படாதீர்கள், பரீட்சை முடிந்ததும் வரச்சொல்லுங்கள்.

6. மாதக் கட்டணம், உடைச் செலவு எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அரங்கேற்றம் என்றால் மண்டபம், பக்கவாத்தியம், சாப்பாடு என்று ஆயிரக்கணக்கில் வெள்ளி போகும். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் அப்பாவை அதற்காகக் கடன் வாங்க வைக்காதீர்கள். கோயிலில் சலங்கை பூஜை செய்து, அங்கேயே ஆடினாலும் அது ஆட்டம்தான்.

7. பையன்கள் கேட்டு வந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். யாராவது சிரித்தால் சொல்லுங்கள்: அலாரிப்பு முதல் தில்லானா வரை நாம் ஆடும் வரிசையை அமைத்த தஞ்சை நால்வரும் ஆண்கள்.