கறுப்புக் கட்டமும் சின்ன மனிதர்களும்



போன வாரம் ஓவிய வகுப்பில் டீச்சர் இரண்டு கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் காட்டினார். எடுத்தவர் அமெரிக்காவின் பால் ஸ்ட்ராண்ட் (1890-1976).

முதல் படம் 1916-இல் எடுத்தது. கோடு, முக்கோணம், வளைவு, அவ்வளவுதான். "இது என்ன டீச்சர், கணக்கு நோட்டா?" என்று கேட்டேன். ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் மேசையைச் சாய்த்து வைத்து, அதன்மேல் கம்பி நிழல் விழுவதைக் கிட்டத்தில் எடுத்திருக்கிறார். பொருள் மறைந்து வடிவம் மட்டும் தெரிந்தால் அது அருவப் படம்.

இரண்டாவது படம் 1915-இல் நியூயார்க்கில் வால் ஸ்ட்ரீட்டில் எடுத்தது. ஒரு பெரிய சுவர். அதில் ஆளை விடப் பல மடங்கு உயரமான கறுப்புக் கட்டங்கள். கீழே சின்னச் சின்னதாக மனிதர்கள் நடக்கிறார்கள்.

நான் உடனே எழுந்து, "பணக்காரக் கட்டடம், பாவப்பட்ட ஏழைகள்!" என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். டீச்சர் மட்டும், "ஏழைன்னு படத்துல எங்கே இருக்கு?" என்று கேட்டார். மறுபடி பார்த்தேன். தொப்பியும் கோட்டும் போட்டிருக்கிறார்கள்!

போன வருஷம் நோட்டுப் புத்தகம் கொடுக்க வந்தவர்கள் எங்களைப் படம் எடுத்து, அடியில் 'பாவப்பட்ட பிள்ளைகள்' என்று போட்டார்கள். எனக்கு அப்போது கோபம் வந்தது. இப்போது அதே தப்பை நானே செய்துவிட்டேன்.

பிறகு டீச்சர் சொன்ன முறை இது:

1. இருப்பதை மட்டும் முதலில் சொல்: சுவர், கட்டம், மனிதர், நிழல்.
2. வெளிச்சத்தைப் பார்: நிழல் நீளம், அதனால் சூரியன் தாழ்வாக இருக்கிறது. முகங்கள் தெரியவில்லை.
3. அளவை ஒப்பிடு: முதல் படத்தில் வடிவம் மட்டுமே. இங்கே பக்கத்தில் ஆள் நடப்பதால்தான் கட்டம் பயமுறுத்துகிறது.
4. இடம் கேள்: அது மார்கன் வங்கிக் கட்டடம். கட்டங்கள் அதன் ஜன்னல்கள். உள்ளே யாரும் தெரியவில்லை.
5. கடைசியில் பொருள் சொல்.

இப்போது என் பதில்: கோட்டு போட்டவரும் பெரும் பணத்துக்குப் பக்கத்தில் சின்ன ஆள்தான். உள்ளே முடிவு எடுப்பது யார் என்று தெருவில் போகிறவருக்குத் தெரியாது.

ஸ்ட்ராண்டுக்குப் பள்ளியில் புகைப்படம் சொல்லிக்கொடுத்தவர் லூயிஸ் ஹைன். மில்லிலும் சுரங்கத்திலும் வேலை செய்த பிள்ளைகளை 1908 முதல் படம் எடுத்தவர். ஆசிரியர் முகத்தைக் காட்டிக் கேள்வி கேட்டார். மாணவர் முகம் தெரியாமலே கேட்டார்.

தோழிகளே, இனி எந்தப் படம் பார்த்தாலும் 'பாவம்' என்று சொல்வதற்கு முன்னால், அது படத்தில் இருக்கிறதா, நம் மனசில் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி