திரைப் பிழையும் எழுத்துப் பிழையும்

புதிய கணினி ஒன்று வீட்டிற்குள் வந்த சின்னாட்களிலேயே அதன் முகத்தில் யாதேனும் ஒரு மாறுபாடு தோன்றுமாயின், "கெட்டுவிட்டது" என்னும் ஒரே சொல்லால் அதனை முடித்துவிடுவது நம்மவர் வழக்கம். திரையிலே கோடு விழுந்தாலும் கெட்டது. எழுத்துக் கட்டமாய்த் தோன்றினாலும் கெட்டது. தேடிய சொல் அகப்படாதொழியினும் கெட்டது. இம்மூன்றும் ஒன்றற்கொன்று உறவில்லாத குற்றங்கள். ஒன்றற்குரிய பரிகாரத்தை மற்றொன்றற்குச் செய்தால் பணச்செலவு மட்டுமன்று, மீட்கவொண்ணாத இழப்பும் சிலபோது நேரும். அங்ஙனம் நேரவிருந்த ஓர் இழப்பை வையம்பட்டியிலே யாம் கண்கூடாகக் கண்டோம். ஆகலின் தமிழ் பயில்வார்க்கு இப்பொருள் புறம்பானதன்று என்று துணிந்து இதனை எழுதப் புகுந்தோம்.

மடிக்கணினி இப்பொழுது நகரத்தார்க்கே உரிய பொருளாக இல்லை. 2011ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் அது சிற்றூர்களிலும் புகுந்தது. கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று 2025-26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையும் கூறிற்று. கருவி வந்த அளவிற்குப் பழுது பார்ப்பார் வந்திலர். வையம்பட்டியிலிருந்து திருச்சிராப்பள்ளி ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். கருவியைப் பையிலிட்டுப் பேருந்தேறிக் கடைக்காரரிடம் நீட்டி, "இதில் பழுதொன்றுமில்லையே" என்ற விடையோடு மாலையில் மீளும் துன்பத்தைப் பலர் நுகர்ந்துள்ளனர். புறப்படுமுன் வீட்டிலேயே செய்தற்குரிய சோதனைகள் சில உள.

முதற்கண் குற்றம் கண்ணாடித் திரையிலுள்ளதோ, அதற்குப் பின்னுள்ள மென்பொருளிலுள்ளதோ என்று பிரித்தறிதல் வேண்டும். இதற்கு எளிய வழி, திரையில் தோன்றுவதைக் கணினியைக் கொண்டே படமெடுத்தல். ஸ்கிரீன்ஷாட் என்று வழங்குவது அதுவே. அப்படத்தைக் கைப்பேசி ஒன்றற்கு அனுப்பி ஆங்குக் காண்க. கோடும் கறையும் படத்திலும் காணப்படின் மென்பொருளே குற்றவாளி. படம் மாசற்றிருப்பின், மென்பொருள் வரைந்து முடித்த பின்னரே பிழை புகுந்தது என்று கொள்ளலாம். அப்பொழுது எச்.டி.எம்.ஐ. கம்பியால் கணினியை ஒரு தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்துப் பார்க்க. தொலைக்காட்சியில் யாவும் செம்மையாகத் தோன்றினால் பழுது மடிக்கணினியின் திரையிலேனும், திரைக்குச் செல்லும் மெல்லிய கம்பியிலேனும் உள்ளது. மூடியை மெல்ல அசைக்குந்தோறும் கோடு தோன்றியும் மறைந்தும் வருமாயின் அக்கம்பியையே பெரிதும் ஐயுறுதல் தகும். தொலைக்காட்சியிலும் அதே கோடு தோன்றினால், வரைகலைப் பகுதியையோ அதனை நடத்தும் இயக்கி என்னும் மென்பொருளையோ நாடுதல் வேண்டும். கணினியை ஏற்றியவுடன், விண்டோஸ் வருமுன்னரே, உற்பத்தியாளர் பெயர் தோன்றும் அத்திரையிலும் கோடு நிற்குமாயின் இனி மென்பொருளைக் குறைகூறிப் பயனில்லை. உத்தரவாதச் சீட்டை எடுத்துக்கொண்டு பேருந்துக்குப் புறப்படலாம்.

திரை இமைத்து இமைத்து நடுங்கும் நோய் வேறு. இதற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாரே ஒரு சோதனை கூறியுள்ளனர். டாஸ்க் மேனேஜர் என்னும் பலகணியைத் திறந்து வைத்து நோக்குக. எல்லாம் நடுங்கும்போது அதுவும் உடன் நடுங்கினால் குற்றம் திரை இயக்கியில். ஏனைய நடுங்க அது மட்டும் நிலைத்து நின்றால், நாம் ஏற்றிய செயலி ஏதோ ஒன்றில். இயக்கியே காரணமாயின், விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒருங்கே அழுத்த அது மீண்டும் தொடங்கும். திரை ஒரு கணம் இருண்டு தெளியும். அதனாலும் தீராவிடின் உற்பத்தியாளர் தளத்திலிருந்து புதிய இயக்கியைப் பெற்று ஏற்றுக. எழுத்து மங்கித் தோன்றுதல் பெரும்பாலும் பழுதேயன்று. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரைக்கு அதனிற் குறைந்த அளவு அமைக்கப்பட்டிருக்கும். திரையமைப்பில் பரிந்துரைக்கப்பட்ட அளவைத் தேர்ந்தால் அம்மங்கல் அகலும்.

கண்ணாடியின் குற்றத்தைப்பற்றி இவ்வளவு அமையும். எழுத்தின் குற்றமே நம் துறைக்கு அணுக்கமானது; அதனைச் சிறிது விரிப்போம்.

கணினி எழுத்தை எழுத்தாக வைத்திருப்பதில்லை, எண்ணாகவே வைத்திருக்கின்றது. எவ்வெண் எவ்வெழுத்திற்கு என்னும் உடன்படிக்கையே குறியேற்றம் எனப்படும். பழைய முறையில் ஒரு பைட்டுக்கு 256 இடங்களே உண்டு. தமிழெழுத்து 247 என்று நாம் எண்ணுகின்றோம். ஆங்கிலத்திற்குரிய இடங்கள் போக எஞ்சியவற்றில் அவை அடங்கா. ஆதலின் எழுத்துரு செய்தோர் ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றியவாறு தமிழ்க் குறிகளை அமைத்துக்கொண்டனர். பாமினி முதலிய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்களின் இருக்கையிலேயே தமிழை அமர்த்தின. இக்குழப்பத்தை ஒழுங்குசெய்யச் சென்னையில் 1999ஆம் ஆண்டு கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாகத் தமிழ் 99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் குறியேற்றங்களும் அமைந்தன. உலக மொழிகட்கெல்லாம் பொதுவாகிய யூனிகோடு 1991ஆம் ஆண்டிலேயே வெளிவந்து, தமிழுக்கு 128 இடங்களைத் தனியே ஒதுக்கியிருந்தது. தமிழக அரசு யூனிகோடையும், ஒவ்வோர் எழுத்திற்கும் ஓரிடம் தரும் டேஸ் 16 என்பதனையும் 2010ஆம் ஆண்டில் ஏற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் தட்டெழுதப்பட்டவை பழைய கோப்புகளாய் வீடுதோறும் உறங்குகின்றன. புதிய கணினியில் அவற்றைத் திறக்குங்காலே "கெட்டுவிட்டது" என்னும் கூக்குரல் எழுகின்றது.

வையம்பட்டியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், சுற்றுவட்டத்துச் சிற்றூர்களில் முதியோர் பாடக் கேட்ட கும்மியும் தாலாட்டும் ஒப்பாரியும் ஒலிநாடாவிற் பதிந்து, பின்னர்த் தம் பழைய கணினியில் தட்டெழுதி வைத்திருந்தார். ஒலிநாடாக்கள் பூஞ்சை பிடித்து அழிந்தன, கோப்புகளே எஞ்சின. மகனார் வாங்கித் தந்த புதிய மடிக்கணினியில் அவற்றைத் திறந்தபோது பக்கம் பக்கமாய்ப் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே நின்றன. காட்டிய கடையிலோ, "வைரஸ் தின்றுவிட்டது, ஐயா, யாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றித் தருகின்றோம்" என்றனர். ஆசிரியர் உடன்படும் நிலையில் இருந்தார். அவ்வாரம் அவரைக் காணச் சென்றிருந்த யாம் அக்கோப்பைப் பார்த்தோம்.

அப்பக்கங்களில் அரைப்புள்ளி என்னும் நிறுத்தக்குறி வரிக்கு ஏழெட்டாய் மலிந்து கிடந்தது. எந்த ஆங்கில உரையிலும் அரைப்புள்ளி அத்துணை மிகுதியாய் வாராது. தமிழில் அவ்வளவு மிகுந்து வருவது யாது? மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளியே. பாமினியில் புள்ளிக்குரிய இருக்கை அரைப்புள்ளியினது. "தமிழ்" என்னும் சொல் அம்முறையில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாய் நிற்கும். ஜே தகரம், கே மகரம், பி இகரக்குறி, ஓ ழகரம். வைரஸ் தின்ற கோப்பிலே இத்தகைய ஒழுங்கு இராது. முதலில் கோப்புகளையெல்லாம் இரண்டு பென் டிரைவ்களில் படியெடுத்தோம், மூலத்தைத் தொட்டிலோம். பின்னர்ப் பாமினி எழுத்துருவை நிறுவி, உரை முழுவதையும் தேர்ந்து அவ்வெழுத்துருவை அளித்தோம். நொடிப்பொழுதில் கும்மிப் பாட்டு முகங்காட்டிற்று. ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதனை உரக்கப் படிக்கத் தொடங்கினார்.

திரையிற் காணும் பிற கோலங்களையும் இவ்வாறே படித்தறியலாம். தலைமேற் கோடிட்ட சிறிய ஏ என்னும் ஐரோப்பிய எழுத்தும், வட்டத்துள் அடைபட்ட ஆர் என்னும் குறியும் அடிக்கடி மீண்டு மீண்டு வருமாயின், அது யூனிகோடுத் தமிழே. ஆயின் கணினி அதனை ஐரோப்பிய மொழியென்று தவறாகப் படிக்கின்றது. யூ.டி.எஃப். 8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளால் ஆயது. முதற்பைட்டு எல்லாவற்றிற்கும் ஒன்றே. அதுவே அந்த ஏகாரமாய்த் தோன்றுகின்றது. கோப்பைத் திறக்குங்கால் யூ.டி.எஃப். 8 எனத் தேர்ந்தால் தமிழ் தானே வரும். வெறுங்கட்டங்கள் வரின் தமிழ் எழுத்துரு அங்கு இல்லை என்பது பொருள். லதா என்னும் எழுத்துருவோடு விண்டோஸ் 2000 வந்த காலந்தொட்டு இக்குறை அருகி வருகின்றது. புள்ளிகளாலாய வட்டம் ஒன்று குறியைத் தாங்கி நின்றால், உயிர்க்குறி தனக்குரிய மெய்யைப் பிரிந்து நிற்கின்றது என்க. கொம்பு எழுத்திற்கு முன் நில்லாது பின்னே நின்றால், அச்செயலி தமிழெழுத்தைக் கோக்கும் நெறியை அறியாதது. தட்டச்சிலும் கையெழுத்திலும் கொம்பை முன்னர் எழுதுகின்றோம். யூனிகோடோ மெய்யை முன்னும் உயிர்க்குறியைப் பின்னுமாக வைக்கின்றது. கண்ணுக்குக் காட்டும்போதுதான் கொம்பை முன்னே கொணர்கின்றது. உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் நிற்கும் என்று நம் இலக்கணத்தார் கூறியதும் இவ்வரிசையே என்பது எமக்குப் பெருவியப்பாயிருந்தது.

இவையனைத்தும் காட்சிப் பிழைகளே. உள்ளிருக்கும் உரை சேதமுறவில்லை. அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. அது கேள்விக்குறி. எழுத்துக்கு ஒன்றாகக் கேள்விக்குறிகள் வரிசையாய் நிற்குமாயின், தமிழறியாத பழைய குறியேற்றத்தில் யாரோ அக்கோப்பைச் சேமித்துவிட்டனர் என்பது துணிபு. தகரத்திற்கும் ழகரத்திற்கும் ஒரே கேள்விக்குறி எழுதப்பட்டமையால், எது எதுவாயிருந்தது என்று எவ்வெழுத்துருவும் கூறமாட்டாது. நோட்பேட் என்னும் செயலி 2019ஆம் ஆண்டு வரை இயல்பாக அப்பழைய முறையையே சேமிப்பிற்குக் கொண்டிருந்தது. எச்சரிக்கையைப் படியாது ஒப்புதல் அளித்தோர் பலர்.

ஆசிரியரின் கோப்புகளைப் பொங்குதமிழ் என்னும் மாற்றியைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றினோம். மாற்றி பகுத்தறிவில்லாதது. இடையிடையே ஆங்கிலத்தில் குறித்திருந்த "டேப்" என்னும் சொல்லையும் தமிழென்றே கருதி "வயிந" என்று ஆக்கிற்று. யாதோ அருஞ்சொல் போலும் என்று நிகண்டுகளைப் புரட்டவும் சிலர் முற்படுவர்! ஆதலின் வரிவரியாக ஒப்புநோக்குதல் இன்றியமையாததாயிற்று.

ஒப்புநோக்கி முடிந்த பின்னரே மூன்றாவது வகைக் குற்றம் வெளிப்பட்டது. ஔவையாரைப்பற்றிய பாட்டொன்று கண்முன் இருந்தும், தேடினால் அகப்படவில்லை. ஔகாரத்தை ஓரெழுத்தாய் இடாது, ஒகரமும் ளகரமுமாக இரண்டெழுத்தாய்த் தட்டியிருந்தார் ஆசிரியர். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று, கணினிக்கு வேறு. ஓலைச்சுவடியில் ரகரத்திற்கும் காலுக்கும் வேற்றுமை காணாது இடர்ப்பட்ட பதிப்பாசிரியர்களின் நிலையே இது. ஓலை கிழியுமென்று அஞ்சிப் புள்ளியிடாது எழுதினமையால் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் மயங்கின. ஏலாக்குறிச்சியில் இருந்து தொண்டாற்றிய வீரமாமுனிவர் அவற்றை வேறுபடுத்தி எழுதும் வழக்கத்தைக் கொணர்ந்தார் என்பர். ஸ்ரீரங்கம் என்னும் ஊர்ப்பெயரிலும் இவ்விடர் உண்டு. அதன் முதற்கண்ணுள்ள வடிவத்தை ஸகரத்தைக் கொண்டும் ஆக்கலாம். 2005ஆம் ஆண்டில் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தைக் கொண்டும் ஆக்கலாம். திரையில் இரண்டும் ஒரே வடிவாய்த் தோன்றும். ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது. இரண்டு வகையாகவும் தட்டித் தேடுக. இயலுமேல் கோப்பு முழுவதையும் ஒரே முறைக்கு மாற்றிவிடுக. ஆசிரியரின் தொகுப்பில் ஸ்ரீரங்கத்துத் தேரைப் பாடும் பாட்டு இரண்டு இவ்வாறே வெளிவந்தன.

மூன்று கோப்புகளில் மட்டும் கேள்விக்குறிகளே உள்ளன. உறவினர் ஒருவர் முன்னரே அவற்றை யூனிகோடாக்கி, அந்தோ, பழைய முறையிற் சேமித்துவிட்டிருந்தார். அவற்றுள் ஒன்றன் அச்சுப்படி பரணில் ஒரு தகரப்பெட்டியுள் கிடைத்தது. மற்றை இரண்டிலும் இருந்தவை ஒப்பாரிகள். அவற்றைப் பாடியவருள் மூதாட்டி ஒருவர் இன்னும் உளர். அறுவடை முடிந்தபின் வந்தால் பாடுவதாகச் சொல்லியனுப்பியிருக்கின்றார்.