கடல் சூடானால் கரையில் சண்டை வருமா?

கேள்வி: காலநிலை மாற்றத்தால் பிராந்தியப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று இளைஞர்களுக்குப் பயிற்சி தருகிறார்களாமே, அது ராணுவ விஷயமல்லவா?
– ஒரு வாசகர், சிதம்பரம்

பதில்: ராணுவத்துக்குப் போகுமுன் அது உங்கள் மாவட்டத்து மீனவர் பஞ்சாயத்துக்கு வந்துவிடும். சுருக்குமடி வலைத் தகராறில் 2018இல் மீனவ ஊர்களான தேவனாம்பட்டினமும் சோனாங்குப்பமும் மோதி ஓர் உயிர் போனது. அந்தப் பழியைக் காலநிலைமேல் போடுவது அபத்தம். ஆனால் கடல் சூடாகி மீன் இடம் மாறினால் இத்தகைய பகை முற்றும். இலங்கையோடு நமக்குள்ள மீன்பிடித் தகராறும் அப்படித்தான்.

தண்ணீரைப் பாருங்கள். வீராணம் ஏரி காட்டுமன்னார்கோவில் வயலுக்கும் வேண்டும், 2004 முதல் சென்னைக் குழாய்க்கும் வேண்டும். மழை பொய்த்தால் யாருக்கு முதலில்? கொள்ளிடக் கடைமடையில் உப்பு ஏறுவது தனிக்கதை.

ஆகவே குளிர்சாதன அறைப் பயிற்சியில் எனக்குப் பெரிய நம்பிக்கையில்லை. இளைஞர்களைப் பிச்சாவரத்துக்கு அழைத்துப் போகட்டும். 2004 சுனாமியில் அங்குள்ள அலையாத்திக் காட்டுக்கு அருகிலிருந்த குப்பங்களில் சேதம் குறைந்ததைப் பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியலாளர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பிறகு கிணற்று நீரின் உப்பை அளக்கவும், இரு ஊர்ப் பஞ்சாயத்தாரை ஒரே திண்ணையில் உட்காரவைக்கவும் கற்றுக்கொடுக்கட்டும். இரண்டாவதுதான் கஷ்டம்.