அருங்காட்சியகத்தில் அருகன் திருவுருவங்கள்

கோடை விடுமுறையில் சித்தன்னவாசல் செல்லும் நம்மவர் பலர், ஏழடிப்பட்டத்தையும் அறிவர் கோயிலையும் தரிசித்தவுடன் ஊர் திரும்பி விடுகின்றனர். புதுக்கோட்டையை அடுத்த திருக்கோகர்ணத்தில், சமஸ்தான காலத்தில் 1910-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அருங்காட்சியகம் இருப்பதை நினைப்பதில்லை. அவ்வட்டாரத்தில் கிடைத்த சமணத் திருமேனிகள் அங்கே உள்ளன.

எம்முடன் வந்த சிறுமி ஒருத்தி, அமர்ந்த கோலத்துத் திருவுருவம் ஒன்றைக் காட்டி, "இவர் புத்தர்தானே?" என்று கேட்டாள். நாள்தோறும் ஜினாலயம் செல்லும் பிள்ளை அவள்! குறை அவளுடையதன்று, நாம் சொல்லித் தரவில்லை.

முதலில் தலைக்குமேல் நோக்குக. முக்குடை கவித்திருப்பின் அவர் தீர்த்தங்கரர். சித்தன்னவாசல் கருவறைச் சுவரில் உள்ள மூன்று புடைப்புருவங்களில் இரண்டிற்கு முக்குடையும் ஒன்றிற்கு ஒற்றைக்குடையும் உள்ளன; ஒற்றைக்குடையின் கீழிருப்பவரை ஆசிரியர் என்பர் அறிஞர். அடுத்து மேனியை நோக்குக. புத்தர் திருமேனியில் சீவர ஆடை மடிப்பாகவோ மெல்லிய கோடாகவோ தெரியும். நம் பகவானுக்கு ஆடையில்லை. நின்ற கோலமாயின் கைகள் உடலைத் தீண்டாது தொங்கும், அதுவே காயோத்சர்க்கம். கால்களில் கொடி சுற்றியிருப்பின் அவர் பாகுபலி, தீர்த்தங்கரர் அல்லர்.

எந்தத் தீர்த்தங்கரர் என அறிவதே கடினம். அரவக் குடையால் பார்சுவநாதரையும், தோளில் புரளும் சடையால் ஆதிநாதரையும் அறியலாம். ஏனையோர்க்கு இலாஞ்சனமே சான்று. தமிழ்நாட்டுப் பழந்திருமேனிகள் பலவற்றில் அது பொறிக்கப்படவில்லை. பீடத்தில் சிங்கங்களைக் கண்டவுடன் மகாவீரர் என முடிவு செய்வோர் உளர். பெயர்ப்பலகையிலும் அவ்வாறு எழுதப்படுவதுண்டு. சிங்காதனம் இருபத்து நால்வர்க்கும் உரியதன்றோ! பீடத்தின் நடுவே தனித்து ஒரு சிங்கம் பொறித்திருந்தால் மட்டுமே அதனை இலாஞ்சனமாகக் கொள்ளலாம். இல்லையேல், தீர்த்தங்கரர் என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மை.

பூசையற்ற திருவுருவத்தை வணங்கலாமா என முதியவர் ஒருவர் வினவினார். நாம் போற்றுவது குணங்களையே, கல்லை அன்று. ஆதலின் கைகூப்புவதில் தடையில்லை என்பது எம் கருத்து. பூவும் கற்பூரமும் மட்டும் வேண்டா; தொட்டு வணங்குதலும் தகாது.

அருங்காட்சியகத்தின் விடுமுறை நாளை முன்னரே கேட்டறிக. அந்நாளில் சித்தன்னவாசலையும் மறுநாள் திருக்கோகர்ணத்தையும் வைத்துக்கொள்க. பிள்ளைகள் கையில் ஒரு குறிப்பேடும் பென்சிலும் இருக்கட்டும்.