பாலும் பொங்குது, படமும் ஓடுது

டி.வி. பார்ப்பது எல்லோருக்கும் பிடிக்கும். நாள் முழுவதும் உழைத்த உடம்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கொஞ்சம் உட்காரலாம். பாட்டுக் கேட்கலாம். நாடகம் பார்க்கலாம். நாட்டு நடப்பைத் தெரிந்துகொள்ளலாம். இதில் தவறு ஒன்றும் இல்லை.

ஆனால் டி.வி. ஓடும் அதே நேரத்தில் வீட்டில் அடுப்பும் எரிகிறது. குழாயில் தண்ணீர் விழுகிறது. இஸ்திரிப் பெட்டி சுடுகிறது. குழந்தை தவழ்கிறது. டி.வி. மேல் ஆசை வைக்கலாம். அடுப்பின் மேலும் ஒரு கண் வைக்க வேண்டும். இரண்டையும் எப்படிச் செய்வது? இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

டி.வி. வந்த கதை

நம் நாட்டில் முதன்முதலாக டி.வி. ஒளிபரப்பு டெல்லியில் தொடங்கியது. அது 1959-ஆம் ஆண்டு, செப்டம்பர் 15-ஆம் நாள். பிறகு 1972-இல் பம்பாய்க்கு வந்தது. 1975-இல் சென்னைக்கு வந்தது.

கர்நாடகத்தில் சில கிராமங்கள் பெங்களூரு நகரத்துக்கு முன்பே டி.வி.யைப் பார்த்துவிட்டன. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை ஒரு சோதனை நடந்தது. செயற்கைக்கோள் வழியாக நிகழ்ச்சிகளை அனுப்பினார்கள். 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள் அவற்றைப் பார்த்தன. அந்த மாநிலங்களில் கர்நாடகமும் ஒன்று. விவசாயம், உடல்நலம், கல்வி பற்றிய நிகழ்ச்சிகள் வந்தன. ஊர்ப் பொது இடத்தில் ஒரே ஒரு பெட்டி இருக்கும். ஊரே கூடி உட்கார்ந்து பார்க்கும்.

1982-இல் கலர் டி.வி. வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பெங்களூருவிலும் வீட்டுக்கூரைகளில் ஆன்டெனா முளைத்தது. தெருவுக்கு ஒரு வீட்டில் டி.வி. இருந்தால் அதுவே பெரிது. அந்த வீட்டுக் கூடத்தில் தெருப் பிள்ளைகள் எல்லாம் இருப்பார்கள். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்துப் பேர் நிற்பார்கள்.

பெங்களூருவில் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் போன்ற இடங்களில் தமிழர்கள் நிறைய வாழ்கிறார்கள். 1993 ஏப்ரல் 14-ஆம் நாள் சன் டி.வி. தொடங்கியது. பிறகு கேபிள் வழியாக அவர்கள் வீடுகளிலும் தமிழ் நாடகம் ஓடத் தொடங்கியது.

தெரு வெறிச்சோடிய நாள்கள்

1987 ஜனவரி 25-ஆம் நாள் தூர்தர்ஷனில் 'ராமாயணம்' தொடர் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும். ராமானந்த் சாகர் எடுத்த தொடர் அது. பேச்சு இந்தியில் இருக்கும். இந்தி தெரியாதவர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். கதைதான் எல்லோருக்கும் தெரியுமே!

அந்த நேரத்தில் தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். கடைகளில் கூட்டம் இருக்காது. பல வீடுகளில் குளித்து முடித்துத்தான் டி.வி. முன்னால் உட்காருவார்கள். பெட்டிக்கு மாலை போடுவார்கள். ஊதுபத்தி ஏற்றுவார்கள்.

அதே காலத்தில் 'மால்குடி டேஸ்' தொடரும் வந்தது. ஆர்.கே. நாராயண் எழுதிய கதைகள் அவை. அவர் சென்னையில் பிறந்தவர். மைசூரில் வாழ்ந்தவர். தொடரை இயக்கியவர் கன்னட நடிகர் சங்கர் நாக். கர்நாடகத்தில் உள்ள ஆகும்பே என்ற ஊரில் படம் எடுத்தார்கள்.

கிரிக்கெட் என்றால் கேட்கவே வேண்டாம். 1996 மார்ச் 9-ஆம் நாள் பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் உலகக் கோப்பைக் காலிறுதி ஆட்டம் நடந்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. ஆட்டம் இரவு வரை நீண்டது. பெங்களூருப் பையன் வெங்கடேஷ் பிரசாத் பாகிஸ்தானின் அமீர் சோகைலை அவுட் ஆக்கினார். ஊரே துள்ளிக் குதித்தது. இந்தியா 39 ரன்னில் வென்றது.

அன்று இரவு எத்தனை வீடுகளில் பால் பொங்கி வழிந்ததோ! எத்தனை சட்டி சோறு தீய்ந்ததோ! அதை யாரும் எண்ணவில்லை.

பால் ஏன் பொங்குகிறது?

தண்ணீர் கொதித்தால் பெரும்பாலும் பாத்திரத்துக்கு உள்ளேயே இருக்கும். பால் கொதித்தால் பொங்கி வெளியே வரும். ஏன்?

பாலைச் சூடாக்கும்போது மேலே ஆடை படிகிறது. கீழே நீராவி உண்டாகிறது. நீராவி மேலே போகப் பார்க்கிறது. ஆடை வழி விடுவதில்லை. உள்ளே சேர்ந்த ஆவி நுரையாகி ஆடையைத் தூக்குகிறது. கண்மூடித் திறப்பதற்குள் பால் வழிந்துவிடுகிறது.

அதனால்தான் பால் அடுப்பில் இருக்கும்போது 'இதோ ஒரு நிமிஷம்' என்று நகரக் கூடாது. நாடகத்தில் கதை சூடு பிடிக்கிறதா? அடுப்பை அணைத்துவிட்டுப் போங்கள். பாலை மறுபடி காய்ச்சலாம். பெரிய பாத்திரத்தில், பாதி அளவுக்குப் பால் ஊற்றிக் காய்ச்சுங்கள். தீயைக் குறைத்து வையுங்கள்.

பால் போனால் காசு போகும். ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு.

தீ அணைந்தது, ஆபத்து அணையவில்லை

பொங்கிய பால் பர்னர் மேல் விழுகிறது. தீ அணைகிறது. ஆனால் திருகு திறந்தே இருக்கிறது. கேஸ் வெளியே வந்துகொண்டே இருக்கிறது.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாது. தரையோடு தரையாகப் பரவும். மூலை முடுக்கில் தங்கும். அங்கே ஒரு சிறு பொறி பட்டாலும் போதும். தீப்பிடிக்கும்.

கேஸுக்கு இயற்கையில் வாசனை இல்லை. கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அதில் கெட்ட நாற்றம் கலக்கிறார்கள். ஆனால் மூக்கு ஏமாந்துபோகும். ஒரே நாற்றத்தில் நெடுநேரம் இருந்தால் மூக்குக்கு அது பழகிவிடும். வெளியிலிருந்து வருபவருக்குத்தான் முதலில் தெரியும்.

கேஸ் நாற்றம் வந்தால் செய்ய வேண்டியவை:

1. அடுப்புத் திருகை மூடுங்கள். சிலிண்டரின் ரெகுலேட்டரையும் மூடுங்கள்.
2. கதவு, சன்னல்களைத் திறந்து விடுங்கள்.
3. எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் கூடாது. அணைக்கவும் கூடாது. டி.வி. ஓடினால் ஓடட்டும்.
4. தீக்குச்சி கிழிக்காதீர்கள். சாமி விளக்கு எரிந்தால் அணைத்துவிடுங்கள்.
5. எல்லோரும் வெளியே வாருங்கள். வெளியே வந்த பிறகு போன் செய்யுங்கள். கேஸ் அவசர உதவிக்கு 1906. தீயணைப்புக்கு 101. எந்த அவசரத்துக்கும் 112.

யாருக்காவது தீக்காயம் பட்டால் உடனே குழாய்த் தண்ணீரைக் காட்டுங்கள். 20 நிமிடம் தண்ணீர் விழட்டும். பற்பசை, மை, மாவு எதுவும் தடவாதீர்கள். பிறகு மருத்துவரிடம் போங்கள்.

கரண்ட் வந்தது, சட்டை போனது

ஒருவர் சட்டைக்கு இஸ்திரி போடுகிறார். கண் டி.வி.யில் இருக்கிறது. திடீரென்று கரண்ட் போகிறது. டி.வி. நிற்கிறது. இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேலேயே வைத்துவிட்டு அவர் வாசலுக்குப் போகிறார். சுவிட்ச் போட்டபடியே இருக்கிறது.

அரை மணி கழித்துக் கரண்ட் வருகிறது. டி.வி. ஓடுகிறது. எல்லோரும் டி.வி. முன்னால் ஓடுகிறார்கள். இஸ்திரிப் பெட்டியும் சூடேறுகிறது. அதை யாரும் நினைக்கவில்லை. முதலில் சட்டை கருகும். பிறகு மேசை விரிப்பு கருகும். பிறகு வீடே பற்றலாம்.

ஆகவே கரண்ட் போனதும் முதல் வேலை இதுதான். இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். அதன் பிறகு மெழுகுவர்த்தி தேடலாம்.

குழாயைத் திறந்தவர் யார்?

பெங்களூருவுக்குப் பக்கத்தில் பெரிய ஆறு இல்லை. 1974 முதல் காவிரித் தண்ணீர் வருகிறது. தொரேக்காடனஹள்ளி என்ற இடத்திலிருந்து அது வருகிறது. சுமார் 100 கிலோமீட்டர் தூரம். பெங்களூரு மேட்டில் இருக்கும் ஊர். அதனால் தண்ணீர் தானாக ஓடி வராது. மூன்று இடங்களில் பெரிய மோட்டார் வைத்து ஏற்றுகிறார்கள். மொத்தம் சுமார் 500 மீட்டர் உயரம் ஏற்ற வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு வந்த தண்ணீர் நம் வீட்டுக் குழாயில் விழுகிறது. வாளியை வைத்துவிட்டு நாடகம் பார்க்கப் போகிறோம். வாளி நிறைகிறது. வழிகிறது. நாடகம் முடியும் வரை வழிகிறது. நம் வீட்டுச் சாக்கடையில் ஓடுவது காவிரி. அடுத்த தெருவில் ஒரு அம்மா காலிக் குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கிறார்.

டி.வி. பெட்டியிலும் கவனம்

பழைய டி.வி. பெட்டிக்குள் பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் இருக்கும். அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். எந்த டி.வி.யானாலும் பின்பக்கத்தை நீங்களே திறக்காதீர்கள். பழுது பார்ப்பவரை அழையுங்கள்.

டி.வி. மேல் பூந்தொட்டி வேண்டாம். தண்ணீர்ச் சொம்பு வேண்டாம். பக்கத்தில் விளக்கும் வேண்டாம். காற்றுப் போகும் துளைகளைத் துணி போட்டு மூடாதீர்கள். சூடு வெளியே போக வேண்டும்.

இன்றைய டி.வி. தட்டையானது. மெல்லியது. குழந்தை பிடித்து இழுத்தால் குழந்தை மேலேயே விழும். சுவரில் திருகி மாட்டுங்கள். இல்லையென்றால் மேசையோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.

இடி மின்னல் வரும் முன்பே பிளக்கைப் பிடுங்குங்கள். கேபிள் ஒயரையும் கழற்றுங்கள். கூரையில் ஆன்டெனாவோ டிஷ்ஷோ மாட்டும்போது பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். "இப்போ தெரியுதா மாமா?" என்று கேட்டுக்கொண்டே கம்பத்தைத் திருப்பினால் போதாது. கம்பம் எதன் மேல் படுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

பால் பொங்கியது யார் தவறு?

சிவாஜிநகரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பாட்டி, அப்பா, அம்மா, மகன், மகள். ஐந்து பேரும் நாடகம் பார்க்கிறார்கள். அம்மா மட்டும் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கண் டி.வி.யில். ஒரு கண் சமையலறையில். நாடகத்தில் மருமகள் அழுகிறாள். அம்மாவுக்கும் கண் கலங்குகிறது. அந்த நேரம் பார்த்துப் பால் பொங்கி வழிகிறது.

அப்பா கேட்கிறார்: "என்னம்மா, பால் வழியுது. அங்க என்ன பண்ணிட்டு இருந்தே?"

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. துணியை எடுத்துத் துடைக்கிறார். பாட்டி சொல்கிறார்:

"ஏன்டா, அஞ்சு பேர் உட்கார்ந்திருக்கோம். பத்துக் கண்ணு இருக்கு. அவ ரெண்டு கண்ணு மட்டும்தான் அடுப்பைப் பார்க்கணுமா?"

அப்பா பேசவில்லை. மகன் எழுந்தான். "நாளைக்கு நான் பாலைப் பார்த்துக்கறேன் பாட்டி" என்றான்.

அம்மா சிரித்தார். "ஏங்க, ஆறு மாசமா இந்த நாடகம் ஓடுது. ஒரு நாள்கூட நான் முழுசாப் பார்த்தது இல்லை" என்றார்.

மறுநாள் முதல் அந்த வீட்டில் ஒரு முறை வந்தது. ஒவ்வொரு நாளும் ஒருவர் அடுப்பைப் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை அப்பாவின் முறை. முதல் வியாழக்கிழமை அப்பாவும் பாலைப் பொங்க விட்டார். அம்மா கோபிக்கவில்லை. துடைக்கும் துணியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

நினைவில் வையுங்கள்

டி.வி. போடும் முன் அடுப்பு, குழாய், இஸ்திரிப் பெட்டி மூன்றையும் பாருங்கள்.
பால் அடுப்பில் இருந்தால் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.
கேஸ் நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள்.
மண்ணெண்ணெயைத் தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.
வீட்டு வேலை வீட்டில் உள்ள எல்லோருடைய வேலை.

பயிற்சி

அ. விடை சொல்லுங்கள்:
1. பால் பொங்குகிறது. தண்ணீர் ஏன் அப்படிப் பொங்குவதில்லை?
2. கேஸில் ஏன் கெட்ட நாற்றம் கலக்கிறார்கள்?
3. கரண்ட் போனதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?
4. பாட்டி சொன்னது சரியா? உங்கள் வீட்டில் அடுப்பைப் பார்ப்பவர் யார்?

ஆ. கணக்குப் போடுங்கள்:
ஒரு வாளியில் 15 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். வாளி நிறைய 2 நிமிடம் ஆகும். குழாயைத் திறந்துவிட்டு 30 நிமிட நாடகம் பார்த்தால் எத்தனை வாளித் தண்ணீர் விழும்? அதில் ஒரு வாளி நமக்கு. மீதி எத்தனை லிட்டர் வீண்?
(விடை: 15 வாளி விழும். 14 வாளி வீண். அதாவது 210 லிட்டர். நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தேவை என்று அரசு கணக்கிடுகிறது.)

இ. எழுதுங்கள்:
1906, 101, 112. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் பெரிதாக எழுதுங்கள். எந்த எண் எதற்கு என்றும் எழுதுங்கள். அதை டி.வி.க்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். எல்லோர் கண்ணும் படும் இடம் அதுதான்.